ஹைட்ரேஞ்சியாவைக் கவ்வாத்துச் செய்யுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் சென்ற மாதம் வெளியான ‘பனிக்கிள் ஹைட்ரேஞ்சியா’ பற்றிய குறிப்பைப் படித்தேன். சாண் நீளக் கூம்புகளாக வெள்ளைப் பூங்கொத்துகள் நிறைந்து நின்ற அந்தப் படம் யாரையும் ஆசைப்பட வைக்கும். என் மனைவி அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். எங்கள் தொடர்மாடியில் மட்டும் மூன்று வீட்டார் நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய பணமும் எதிர்பார்ப்பும் வீணாகுமுன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பில் மூன்று அறிவுரைகள் இருந்தன. மாசி, பங்குனி மாதங்களில் குளிர்காலம் முடியுந் தறுவாயில் செடியை வெட்டிக் குறைக்க வேண்டும் என்பது முதலாவது. சீனக்காரத்தைக் கரைத்து ஊற்றினால் பூ நீலநிறமாகும் என்பது இரண்டாவது. கொழும்பு வாசகர்கள் மாடி முகப்பில் சாடியில் வைத்தும் இதை வளர்க்கலாம் என்பது மூன்றாவது. முதலாவது குளிர்நாடுகளுக்குப் பொருந்துவது; இரண்டாவது இதே குடும்பத்தின் வேறொரு செடிக்குப் பொருந்துவது; மூன்றாவது எதற்கும் பொருந்தாதது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவற்றுள் முதல் ஆறு ஆண்டுகளை நுவரெலியாவில் கழித்தேன். இப்போது வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் பதினெட்டுப் பூச்சாடிகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் தங்கை ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கிறார்; அவரது வீட்டு முன்றிலில் இந்தச் செடிகள் இரண்டு நிற்கின்றன. மூன்று முறை அங்கு போய்வந்ததில் ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் அவற்றை என் கையாலேயே வெட்டியும் இருக்கிறேன். ஆகையால் இந்தச் செடியைப் படத்தில் மட்டும் கண்டு பேசுபவன் அல்லன்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ‘பனிக்கிள்’ என்று தமிழில் அச்சாகியிருந்ததைப் பார்த்து, பனியில் பூக்கும் பூ என்று எங்கள் அயலவர் ஒருவர் பொருள் கொண்டுவிட்டார். பனிக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. பல கிளைகளாகப் பிரிந்த கதிர் என்பதே அதன் பொருள். நெற்கதிரையும் தாவரவியலார் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். ஆயினும் அயலவரின் பிழையில் தற்செயலாக ஓர் உண்மை இருந்தது. ஜப்பான், சீனா, ஜப்பானுக்கு வடக்கேயுள்ள சகலின் தீவு ஆகியவையே இச்செடியின் தாயகம். பனி மூடிய குளிர்காலத்தைக் கடப்பது அதன் இயல்பு. நாகசாக்கியில் இருந்த டச்சு வணிகத் தலத்தில் 1823 முதல் 1829 வரை மருத்துவராகப் பணியாற்றிய சீபோல்ட் என்ற ஜெர்மானியரே 1829ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் கொடுத்தவர். 1860களில் இது ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயிற்று. இன்று பரவலாக விற்கும் ‘லைம்லைட்’ என்ற வகை நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டது. மறை 30 பாகை செல்சியசுக்கும் கீழே போகும் குளிரைத் தாங்கும் பூச்செடிகள் அதிகம் இல்லை என்பதால்தான் கனடாவில் இதற்கு அவ்வளவு மதிப்பு.

இனிக் கவ்வாத்துக்கு வருவோம். மலையகத் தோட்டங்களில் தேயிலையை வெட்டுவதற்கு வழங்கும் இந்தச் சொல்லே எனக்கு இவ்விடத்தில் பொருத்தமாகப் படுகிறது. ஒரு பூச்செடியை எப்போது வெட்டலாம் என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை. அந்தச் செடி தன் பூவரும்பை எப்போது, எந்தக் கொப்பில் உருவாக்குகிறது என்பதே தீர்மானிக்கிறது. இது நம்மவர்களுக்குப் புதிய செய்தியும் அன்று. முருங்கையை அடியோடு தறித்துவிட்டாலும் புதிதாகத் தழைக்கும் கொப்புகளில் பூவும் காயும் வருகின்றன. மாமரத்திலோ முற்றிய கொப்பின் நுனியில்தான் பூங்கொத்து எழும்புகிறது. தைமாதம் பூக்க வேண்டிய மரத்தின் நுனிகளைக் கார்த்திகையில் நறுக்கிவிட்டு, மரம் மலட்டு மரமாகிவிட்டது என்று குறைப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். ஹைட்ரேஞ்சியாக் குடும்பத்திலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. பனிக்கிள் ஹைட்ரேஞ்சியா முருங்கையைப் போன்றது. நுவரெலியாவில் நாம் காணும் பந்துப்பூ ஹைட்ரேஞ்சியா மாமரத்தைப் போன்றது. தங்கள் பத்தி எழுத்தாளர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டதே குழப்பத்தின் வேர்.

ரொறன்ரோவில் பனிக்கிள் ஹைட்ரேஞ்சியா ஐப்பசி, கார்த்திகையில் இலை உதிர்த்து வெறும் குச்சிகளாக உறங்கிவிடுகிறது. வைகாசியில் விழித்துப் புதுத் தளிர் விட்டு, அந்தப் புதுத் தளிரின் நுனியிலேயே ஆடி, ஆவணியில் பூக்கிறது. எனவே உறைபனியின் கடுமை தணிந்த பிறகும் அரும்புகள் இலையாக விரிவதற்கு முன்பும், அதாவது மார்ச் பிற்பகுதியிலோ ஏப்ரலிலோ, அச்சமின்றி வெட்டலாம். அந்த ஆண்டின் பூ அப்போது இன்னும் உருவாகியிருக்காது. தங்கள் இதழை இணையத்தில் படிக்கும் கனடா வாசகர்களும் பலர் இருப்பதால் வெட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பட்டுப்போன கொப்புகளையும், ஒன்றோடொன்று உரசும் கொப்புகளையும், பென்சிலை விட மெல்லிய குச்சிகளையும் அடியோடு நீக்க வேண்டும். பின்னர் முற்றிய நிரந்தரக் கொப்புகளைச் சட்டகமாக விட்டுவிட்டு, அவற்றிலிருந்து சென்ற ஆண்டு கிளைத்த ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு அல்லது மூன்று கணு அரும்புகளை மட்டும் வைத்து, மேலுள்ள அரும்புக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். நட்டு ஓரிரண்டு ஆண்டே ஆன செடியைப் பெரும்பாலும் தொடாமல் விடுவது நல்லது.

எவ்வளவு ஆழமாக வெட்டுவது என்பதில் ஒரு கணக்கு உண்டு. தரையோடு ஒட்ட வெட்டினால் தளிர்கள் குறைவாகவும் வீரியமாகவும் வந்து பெரிய பூங்கொத்துகளைத் தரும். ஆனால் ஓராண்டுத் தளிரின் மெல்லிய தண்டு அந்தப் பாரத்தைத் தாங்காமல், ஒரு மழை பெய்ததும் கொத்துகள் மண்ணில் சாய்ந்துவிடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்தால் கொத்துகள் சிறிதாக இருப்பினும் எண்ணிக்கை கூடும், செடியும் நிமிர்ந்து நிற்கும். நான் வெட்டிய ஆண்டில், பெரிய பூவின் மீதுள்ள ஆசையினால் ஒரு செடியைக் கால் முழத்துக்குக் குறைத்துவிட்டேன். ஆவணி மாதத்தில் தங்கை அனுப்பிய படத்தில் அந்தச் செடிக்கு நான்கு பக்கமும் தடி ஊன்றிக் கயிறு கட்டியிருந்தது. படத்துக்குக் கீழே அவர் எதுவும் எழுதவில்லை.

நுவரெலியாவில் நான் செய்த பிழை இதைவிடப் பெரியது. ஆசிரியர் விடுதியின் முன்னால், எனக்கு முன்பிருந்த யாரோ நட்ட பந்துப்பூ ஹைட்ரேஞ்சியா வேலி ஒன்று இருந்தது. தை மாதத்தில், காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நாட்களில், அதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று முழங்கால் உயரத்துக்குச் சமமாக வெட்டிவிட்டேன். செடி சாகவில்லை, மழை வந்ததும் செழித்துத் தழைத்தது, ஆனால் அந்த ஆண்டு ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. அருகிலிருந்த தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்த பெரியவர் ஒருவர் வேலியைப் பார்த்துவிட்டு, “போன வருசக் கொப்பிலதானே சார் பூ குந்தியிருந்திச்சு, அத வெட்டிட்டீங்களே” என்றார். பட்டம் பெற்றுப் போயிருந்த எனக்கு அவர் நடத்திய பாடம் அது. பந்துப்பூ ஹைட்ரேஞ்சியா பூத்து முடிந்ததும், வாடிய பூத்தலையை அதற்குக் கீழேயுள்ள முதலாவது தடித்த அரும்புச் சோடி வரையில் மட்டும் நீக்க வேண்டும். மிகவும் முதிர்ந்த கொப்புகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துப் புதுக்கொப்புக்கு இடம் விடலாம். மற்றவற்றில் கத்தி படக்கூடாது. அடுத்த பூவுக்கான அரும்பு, குளிர்ந்த வாரங்கள் வரும்போது அந்தக் கொப்புகளில் மறைவாக உருவாகிறது. தங்கள் குறிப்பு ‘பனிக்கிள்’ என்ற தலைப்பின் கீழ் வெளிவந்தபோதிலும் உள்ளே ‘ஹைட்ரேஞ்சியா’ என்று பொதுவாகவே பேசியது. அதைப் படித்துவிட்டு நுவரெலியா, ஹக்கலை, பண்டாரவளை வாசகர் ஒருவர் தம் முற்றத்துச் செடியைப் பங்குனியில் மூன்றில் ஒன்றாக்கிவிட்டால் அவருக்கும் என் கதிதான்.

பூவின் நிறத்தைப் பற்றிச் சொன்னதும் இதே குழப்பத்தின் விளைவுதான். மண் அமிலமாக இருக்கும்போது, அதாவது பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ ஐந்தரைக்குக் கீழே இருக்கும்போது, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறுகிறது. பந்துப்பூ ஹைட்ரேஞ்சியாவின் புல்லிகளிலுள்ள நிறப்பொருளோடு அது சேரும்போது நீலம் பிறக்கிறது. ஆறரைக்கு மேற்பட்ட மண்ணில் அலுமினியம் வேருக்குக் கிடைப்பதில்லை. பூ இளஞ்சிவப்பாக நிற்கிறது. தேயிலை செழிக்கும் மலையக மண் அமில மண் என்பதால், நுவரெலியாவில் யாரும் எதையும் கரைத்து ஊற்றாமலே வேலியோரங்கள் நீலமாக இருக்கின்றன. நாம் இதழ் என்று நினைப்பது அந்தப் பூவில் உண்மையில் புல்லி என்பதை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பூ எனக்குக் கிடைத்ததில்லை.

பனிக்கிள் ஹைட்ரேஞ்சியாவில் இந்த வித்தை பலிக்காது. அதன் பூ இளம்பச்சையாகவோ வெள்ளையாகவோ விரிந்து, இரவுகள் குளிரத் தொடங்கியதும் மெல்ல இளஞ்சிவப்பாக மாறி, கடைசியில் காய்ந்து பழுப்பாகும். அது முதுமையினாலும் குளிரினாலும் வரும் மாற்றம், சீனக்காரத்தினால் வருவதன்று. எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் நீலம் வராது. அளவு மிஞ்சினால் வேர்தான் கருகும்.

கொழும்புக்கு வருகிறேன். இங்கே வருடத்தின் மிகக் குளிர்ந்த தை மாத இரவிலும் வெப்பநிலை பொதுவாக 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசங்கூட இல்லை. ரொறன்ரோவிலோ ஆனி மாதத்தில் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீளும் பகல் மார்கழியில் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. உறங்கு என்றும் விழி என்றும் செடிக்குச் சொல்லும் அடையாளங்கள் எவையும் இங்கே இல்லை. உறங்காத செடி முறையாக விழிப்பதுமில்லை. ‘குளிர்காலம் முடியுந் தறுவாயில் வெட்டுங்கள்’ என்று கொழும்பு வாசகருக்குச் சொல்லும்போது, எந்தக் குளிர்காலம் என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

இதை நான் அறிவுரையாக மட்டும் சொல்லவில்லை. காசு கொடுத்தும் கற்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, நாற்று ஒன்றை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சில கணுக்களில் இலைகள் மும்மூன்றாக நின்றன. பந்துப்பூ வகையின் தடித்த, பளபளப்பான இலையைப் போலன்றி, மெல்லியவையாகவும் தொடும்போது சொரசொரப்பாகவும் இருந்தன. வந்தது உண்மையான பனிக்கிள்தான். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியால வெயில் தேவை என்பதால் மேற்குப் பக்கத்து மாடி முகப்பில் வைத்தேன். கடற்காற்றின் உப்பும் பின்னேர வெயிலும் சேர்ந்து இலை ஓரங்களைக் கருக்கின. நிழலுக்கு மாற்றினேன், தண்டு ஒளியைத் தேடி நீண்டு நலிந்தது. வைகாசி மழை பிடித்ததும் சாடியில் நீர் தங்கி வேர் அழுகத் தொடங்கியது. மணலும் தும்புச்சோறும் கலந்து மண்ணை மாற்றியும் பயனில்லை. பத்து மாதங்களில் ஒரு மொட்டைக்கூடக் காட்டாமல் போய்விட்டது. அந்தச் சாடியில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.

மலையகத்திலிருந்து பூவோடு கொழும்புக்கு வரும் பந்துப்பூச் சாடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவற்றை வாங்குவதில் தவறில்லை. நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்கள் பூ நிற்கும். ஆனால் அந்தப் பூவின் அரும்பு மலைக்குளிரில் உருவானது; கொழும்பில் அடுத்த அரும்பு உருவாகும் என்று எதிர்பார்த்து உரத்தைக் கொட்டினால் இலைதான் மேலும் மேலும் பெருக்கும். கொத்துப் பூவுக்குக் கொடுக்கும் காசைப் போல நினைத்து வாங்கினால் மனவருத்தம் இல்லை.

கூம்புக் கொத்தாகப் பூக்க வேண்டும், புதுத் தளிரில் பூக்க வேண்டும், வெட்டிவிட்டால் திரும்பவும் பூக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நம் வெப்பத்திலேயே அந்தக் குணங்களோடு வளரும் செடி ஒன்று உண்டு. வீதியோரங்களில் ஊதாவாகப் பூத்துச் சொரியும் பூமருது மரத்தின் சிறிய உறவான அதை, நாற்றுமேடைகளில் ‘க்ரேப் மர்ட்டில்’ என்று விற்கிறார்கள். கசங்கிய பட்டுத்துணி போன்ற ஆறு இதழ்கள் கொண்ட பூக்கள், வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் கொப்பு நுனிகளில் கொத்தாக எழும்பும். முழு வெயில் வேண்டும். நெருக்கமான, காற்றோட்டமற்ற இடத்தில் வைத்தால் இலையில் சாம்பல் நோய் படியும். பனிக்கிள் ஹைட்ரேஞ்சியாவுக்குத் தங்கள் பத்தி எழுத்தாளர் சொன்ன கவ்வாத்து முறை ஏறத்தாழ முழுவதும் இதற்குப் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு தடவை பூத்து ஓய்ந்ததும் வாடிய கொத்தைக் கீழே இரண்டு மூன்று கணுவோடு சேர்த்து நறுக்கினால், அதே கொப்பு பக்கத் தளிர் விட்டு மறுபடியும் பூக்கும். கடுமழை நாட்களில் வெட்டாமல், மழை ஓய்ந்த ஒரு வாரத்தைப் பார்த்து வெட்டினால் வெட்டுவாய் விரைவில் ஆறும். செவ்வரத்தையையும் மல்லிகையையும் இதே முறையில் வெட்டிவருகிறேன். அவையும் புதுத் தளிரில் பூப்பவைதான்.

பத்தி எழுத்தாளரின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. வாரந்தோறும் தோட்டக்கலையைத் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அவர்களில் ஒருவரைத் தங்கள் இதழ் தொடர்ந்து ஆதரித்து வருவதை நன்றியோடு நினைக்கிறேன். குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது அவற்றின் மாதங்களும் அப்படியே இறக்குமதியாகிவிடுகின்றன என்பதே என் முறைப்பாடு. இனிமேல் ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும், அது கரையோரத்துக்கா, மலையகத்துக்கா, வடக்கின் உலர்ந்த நிலத்துக்கா, அல்லது வெளிநாட்டு வாசகர்களுக்கா என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு முன்னதாக, பந்துப்பூ ஹைட்ரேஞ்சியாவைப் பங்குனியில் வெட்ட வேண்டாம் என்ற சிறு திருத்தம் ஒன்றை அடுத்த ஞாயிறே வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாசி பிறந்துவிட்டது, நுவரெலியாவில் யாராவது இப்போது கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.